நிலமும் அதன் கீழுள்ளவையும்

ஜனவரி 17

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தைக்கிறேன், படுக்கிறேன். தூக்கம்தான் பிடிவாதம் பிடிக்கிறது.

அப்பா போய் இன்றோடு ஐந்து வாரம். நீ வந்து மூன்றே நாளில் கிளம்பிவிட்டாய். பட்டறைத் தரை உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பில் நின்றாய், எட்டிப் பார்த்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் வாயை அடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

இங்கே எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். மண்ணுக்குள் இயற்கையாகவே பொந்து இருந்ததாம், மழையில் மேல்தரை கரைந்து விழுந்ததாம். பளிங்குச் சுரங்க முதலாளி, நம் வெள்ளைச்சட்டைக்காரர், வீட்டுக்கே வந்தார். மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, "பூமிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார். சுரங்கம் நடத்துகிறவர் கேட்கிற கேள்வியா இது?

ஒரு விஷயம். தீயணைப்பு ஆட்கள் அப்பாவை மேலே தூக்கியபோது ஒரு மரக்கட்டையையும் தூக்கி வந்தார்கள். அப்பாவின் கால்மேல் கிடந்ததாம். ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நேற்றுதான் அதைக் கழுவிப் பார்த்தேன். நம் பட்டறை மரமில்லை. இரண்டு முனையும் இயந்திர ரம்பத்தில் அறுத்தது, ஒரு முனையில் ஆப்பு அடித்த தழும்பு. கூரைக்கு முட்டுக் கொடுத்த கட்டை. தச்சர் மகளிடம் மரத்தைப் பற்றிக் கதை விட முடியாது. இயற்கைப் பொந்துக்கு எவன் முட்டுக் கொடுப்பான்?

நீ சர்வேயர். அந்தச் சுரங்கத்திலேயே இரண்டு வருஷம் அளந்தவன். நீ சொல்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சளி விட்டுவிட்டது, இப்போது பல் முளைக்கிறது. இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம். நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. டாக்டரைப் பார்.

கட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா பட்டறையில் ஆயிரம் கட்டை கிடக்கும், அதில் ஒன்று கூடவே விழுந்திருக்கும். பளிங்குப் பாறையில் தண்ணீர் அரித்து உண்டாகும் குகைகள் சகஜம், நானே பார்த்திருக்கிறேன். நீ மனதை அலட்டிக்கொண்டால் அப்பா திரும்பி வரப் போவதில்லை. அந்த இடத்தை மண் போட்டு மூடிவிடு. முடிந்தால் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. மாடியில் ஒரு அறை இருக்கிறது, வெளிச்சமான அறை. மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

பல் முளைத்ததா? இங்கே நலம். மண் போட்டு மூடச் சொன்னாய். மூடவில்லை.

பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நம் மனையின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று. அங்கே ஒரு எழுத்தர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் படிப்பார். பத்திரத்தைப் படித்தவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

"உங்க தெருவுல இருபத்தாறு மனை. எல்லாத்தையும் வித்தது சுரங்கக்காரரோட அப்பா. இருபத்தஞ்சுல, மேல்பரப்பு மட்டும்னு எழுதியிருக்கு. கீழே இருக்கிறது அவங்களுக்கேன்னு வெச்சுக்கிட்டாங்க. உங்கப்பா ஒருத்தர்தான், 'நிலமும் அதன் கீழுள்ளவையும்'னு சேர்த்து எழுதச் சொல்லியிருக்கார்."

"எதுக்கு?"

"கிணறு வெட்டணும்னு சொன்னாராம். ஓரத்துல குறிப்பே இருக்கு. 'என் கிணத்துல வர்ற தண்ணி என்னுதா இருக்கணும்.' விவரமான ஆளும்மா."

"அப்படின்னா கீழே எதுவரைக்கும் எங்களுது?"

அவர் மேஜைமேல் ஒரு தாளை வைத்து, அதன் நான்கு ஓரத்திலும் விரலை வைத்துக் கீழே இழுத்துக் காட்டினார். "வேலி மேலோட நிக்கறதில்லம்மா. அப்படியே நேரா கீழே போகும். மண்ணு, கல்லு, தண்ணி, எல்லாம். உங்க அனுமதி இல்லாம அதுக்குள்ள ஒருத்தன் உளி வெச்சா, வீட்டுக்குள்ள புகுந்த மாதிரிதான்."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. மற்றவர்கள் வீட்டுக்கடியில் தோண்டினால் அது சுரங்கக்காரருடைய சொத்து. நம் வீட்டுக்கடியில் தோண்டினால் திருட்டு. அந்தத் திருட்டில் நம் அப்பா செத்தார்.

நான் இதை விடப் போவதில்லை. நீ என் பக்கம் நிற்பாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

என் கடிதம் வந்ததா? ஆறு வாரமாகிறது. குழந்தைக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுது.

வக்கீல் வைத்துவிட்டேன். வக்கீலம்மா குள்ளம், ஆனால் பேச ஆரம்பித்தால் எதிர்க்கட்சிக்காரர் நாற்காலியைத் தேடுகிறார். நீதிமன்றம் ஒரு ஆணையரைச் சுரங்கத்துக்கு அனுப்பியது. போனார், பார்த்தார், வந்தார். நம் எல்லைக்கு ஆறு மீட்டர் முன்னாலேயே சுரங்கப்பாதை பாறையில் முட்டி நிற்கிறதாம். வெள்ளைச்சட்டை கொடுத்த வரைபடத்திலும் அப்படித்தான். நம் பள்ளத்தின் வழியாக இறங்கிப் பார்க்கலாமென்றால், விழுந்த மண்ணும் கல்லும் கீழே அடைத்துக் கிடக்கின்றன. ஆள் இறங்கினால் இன்னும் சரியும் என்று தடுத்துவிட்டார்கள்.

நீதிமன்ற வாசலில் வெள்ளைச்சட்டை என் பக்கத்தில் வந்து, "உங்கப்பாவை எனக்கும் பிடிக்கும்மா. என் கதவெல்லாம் அவர் செஞ்சதுதான்" என்றான். ஆமாம், இனிமேல் 'ன்'தான். சிரித்த வாய் மூடாமல் சொன்னான். கையிலிருந்த கத்தரிக்கோல் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்திராவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு இடத்திலிருந்து எழுதியிருப்பேன்.

அவன் ஜெயிலுக்குப் போவதைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். ஒரு பாறை உண்மையிலேயே பாறைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே தட்டுவது, எப்படி அளப்பது? உன் தொழில் இது. தயவுசெய்து சொல்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். குழந்தை நடக்கிறான், எல்லாவற்றையும் இழுத்துத் தள்ளுகிறான். நீ இளைத்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டு அத்தை என் மனைவிக்குப் போனில் சொன்னாராம். நேரத்துக்குச் சாப்பிடு.

மூன்றாம் பாதையின் கிழக்குக் கோடியைத் தட்டச் சொல். இறங்குகுழியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நடுவில் தட்ட வேண்டாம், வலது ஓரம், இடுப்பு உயரத்தில். அது பாறை இல்லை. செங்கல் வைத்து மேலே கல்தூள் பூசியது.

இதை யார் சொன்னது என்று யாரிடமும் சொல்லாதே. கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

கிழிக்கவில்லை.

ஆணையரோடு நானும் இறங்கினேன். வலது ஓரம், இடுப்பு உயரம். மேஸ்திரி சுத்தியலால் தட்டினார். முதல் தட்டிலேயே சத்தம் மாறியது, காலிப் பெட்டியைத் தட்டியது போல. வெள்ளைச்சட்டையின் மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். நாலு அடியில் சுவர் உடைந்தது.

உள்ளே, தம்பி, ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. நம் வீட்டுக்கடியில். சமையலறைக்கடியில், அப்பாவின் கட்டிலுக்கடியில், நான் உட்கார்ந்து தைக்கிற இடத்துக்கடியில். கோடியில் மண்மேடு, அதற்கு மேலே இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம். அதுதான் பட்டறை. மேட்டின் ஓரத்தில் அப்பாவின் இழைப்புளி கிடந்தது. எடுத்துக்கொண்டேன், ஒருவரும் தடுக்கவில்லை.

பிறகு கூரையைப் பார்த்தேன். சர்வேக்காரர்கள் அளவுப் புள்ளிக்கு ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு குறி. ஒரு வட்டம், அதற்கு வால். அப்பா பலகையின் நல்ல முகத்தில் பென்சிலால் போடுவாரே, அதே குறி. உலகத்தில் அதை மூன்று பேர்தான் போடுவோம். அவர், நான், எட்டு வயதில் நோட்டுப் புத்தகம் முழுக்க அதையே போட்டு வாத்தியாரிடம் அடி வாங்கிய நீ.

பதினேழு ஆணி. எண்ணினேன். கடைசி ஆணி, பட்டறை இடிந்து விழுந்த ஓட்டையின் விளிம்பில்.

ஆணையர், "இது என்ன அடையாளம், தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். உன்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. அது உன் வாயிலிருந்து வர வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நம் மனைக்கு வடக்கே ரயில்பாதை, அதற்கடியில் யாரும் தோண்டக் கூடாது. தெற்கே ஊற்று நிலம், தொட்டால் தண்ணீர் பாயும். கிழக்கே இருக்கும் முதல்தரக் கல்லுக்குப் போக வேண்டுமானால் நம் வீட்டுக்கடியில் போவதைத் தவிர முதலாளிக்கு வேறு வழியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் கூப்பிட்டார். "உன் வீட்டு நிலம்தானே தம்பி, யார் கேக்கப் போறா? உங்கப்பாவுக்கு வெறும் கிணறுதானே வேணும்" என்றார். அப்பாவிடம் கேட்கிறேன் என்றேன். "கேட்டா வேண்டாம்பாரு. அவருக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார்.

நான் கேட்கவில்லை.

பாதை போட்டேன். வரைபடத்தில் மட்டும் ஆறு மீட்டர் முன்னாலேயே நிறுத்தி வரைந்தேன். அரசாங்கப் பரிசோதகர் வரும் நாட்களில் செங்கல் சுவரால் வழியை அடைத்துக் கல்தூள் பூசினோம். ஆனால் அக்கா, நான் எட்டுத் தூண் விட்டிருந்தேன். வெட்டாத கல், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் தடிமன். மேலே பதினொரு மீட்டர் பாறை. அந்த எட்டும் நின்றிருந்தால் நூறு வருஷத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் இங்கே வந்த பிறகு அந்தத் தூண்களையும் வெட்டி விற்றுவிட்டு மரமுட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் எனக்கு இப்போதைய வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எதற்காகக் கொடுத்தார் என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது தூண்களைத்தான் தேடினேன். ஒன்றும் இல்லை.

அப்பா அந்தக் குறியைப் போட்டால் வேலை சுத்தமாக வரும் என்பார். அதனால்தான் போட்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

என்னை மன்னிக்க முடியுமா?

தம்பி


செப்டம்பர் 30

முடியாது.

வக்கீலம்மா சொல்கிறார், வெள்ளைச்சட்டை எல்லாப் பழியையும் செத்துப்போன பழைய ஃபோர்மேன் தலையில் கட்டப் போகிறானாம். நீ அளந்து எழுதிய குறிப்பேடு உன்னிடம்தான் இருக்கும். நீ எதையும் தூக்கிப் போடாதவன், ஒன்றாம் வகுப்பு ரப்பரைக்கூட வைத்திருந்தவன். அதை எடுத்துக்கொண்டு வா. கூண்டில் ஏறி நில். அவன் முகத்தைப் பார்த்துச் சொல், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் லைசென்ஸ் போகும். உன்னையும் உள்ளே போடுவார்கள். குழந்தை இருக்கிறதே என்று எழுதாதே. அப்பாவுக்கும் ஒரு குழந்தை இருந்தது, அவனைத்தான் நம்பினார்.

நீ வராவிட்டால் நான் வருவேன். உன் அலுவலகத்துக்கு, உன் வீட்டு வாசலுக்கு. அந்த வெளிச்சமான அறையில் உட்கார்ந்து உன் மகனுக்கு அவன் தாத்தா எப்படிச் செத்தார் என்று சொல்லிக் கொடுப்பேன்.

அக்கா


அடுத்த வருஷம், மே 11

சிறையில் இருக்கும் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். கம்பளி அனுப்பியிருக்கிறேன். நானே தைத்தது. அன்பு என்று நினைக்காதே, நீ நிமோனியாவில் செத்துத் தப்பித்துக்கொள்வதில் எனக்கு இஷ்டமில்லை.

நீ கூண்டில் சொன்னதை நானும் கேட்டேன். ஒன்றையும் குறைக்காமல் சொன்னாய். அதை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு எட்டு மாதம், அவனுக்கு மூன்று வருஷம். ஆனால் அவன் மேல்முறையீடு போட்டுவிட்டு ஜாமீனில் வெளியே நடமாடுகிறான். சட்டை மட்டும் இப்போது அவ்வளவு வெள்ளையாக இல்லை.

தீர்ப்பில் ஒரு வரி உண்டு, நீ கவனித்தாயோ என்னவோ. கல்லை எடுத்துவிட்டதால் காலி இடம் அவனுடையதாகிவிடாது, அந்த வெற்றிடமும் நில உரிமையாளருடையதே. வக்கீலம்மா படித்துக் காட்டியதும் நான் செய்த முதல் வேலை, மேஸ்திரியைக் கூப்பிட்டதுதான். நம் எல்லை தொடங்குகிற இடத்தில் மேற்கே ஒரு சுவர், முடிகிற இடத்தில் கிழக்கே ஒரு சுவர். மூன்று செங்கல் கனம். முதல் வரிசையை நானே வைத்தேன்.

பத்து நாளில் வெள்ளைச்சட்டை வந்துவிட்டான். காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். முன்பெல்லாம் கழற்ற மாட்டான்.

"அம்மா, எல்லாக் கல்லும் கிழக்கே கிடக்கு. என் வேலை முழுக்க நின்னுபோச்சு. ஒரு வழி மட்டும் விடுங்க. நான் என்ன கல்லையா கேக்கறேன்? வெறும் காத்தைத்தானே கேக்கறேன்."

"அந்தக் காத்துலதான் எங்கப்பா விழுந்தார்."

"நீங்க என்ன கேட்டாலும் தர்றேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா. சொல்லுங்க."

"அப்பாவை வரச் சொல்லுங்க. அவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

செருப்பு கிடந்த பக்கம் திரும்பினான். பிறகு அழுதான். நிஜமான அழுகைதான், தனக்காக. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சீருடையின் காலரை முடித்தேன். முடிக்கும்வரை அழட்டும் என்று விட்டேன். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இனி உன் விஷயம். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை, சட்டப்படி பாதி உனக்கு. மறுக்க மாட்டேன், உன் பங்கை நீ வாங்கிக்கொள்ள வேண்டும். பாகப் பிரிவினைப் பத்திரம் தயார், இதோடு வருகிறது. நிலமும் வீடும் எனக்கு. நிலத்தின் கீழுள்ளவை உனக்கு. அந்த மண்டபம், பதினேழு ஆணி, அப்பா விழுந்த இடம், எல்லாம் உன்னுடையது.

வக்கீலம்மாவிடம் ஒன்று கேட்டேன். கீழே ஒருவரும் மேலே ஒருவரும் சொந்தக்காரராக இருந்தால் என்ன சட்டம் என்று. "கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரை விழாமத் தாங்கணும். அது அவரோட கடமை, உயிர் இருக்கிறவரைக்கும்" என்றார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெள்ளைச்சட்டை இனி உன்னைத் தேடி வருவான். வழியை அவனுக்கு விற்பதும் விற்காததும் உன் இஷ்டம். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

அக்கா


அதற்கடுத்த பிப்ரவரி 8

அக்காவுக்கு,

நலம். நம் ஊரிலேயே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு கட்டடக்காரரிடம் கூலிக்கு அளவு பார்க்கிறேன். என் மனைவி குழந்தையோடு அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். வருவதைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிறைக்கே முதலாளியுடைய ஆள் வந்தான். "உங்கக்கா உனக்கு ஒரு ஓட்டையைத் தூக்கிப் போட்டிருக்கா. அதை நாங்க தங்கமாக்கித் தர்றோம்" என்றான். "அந்த ஓட்டையில என் வேலை பாக்கி இருக்கு" என்றேன். என்ன வேலை என்றான். எழுந்து வந்துவிட்டேன். அவருடைய இயந்திரங்களை ஏலம் விட்டுவிட்டார்கள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அவ்வளவாக இல்லை.

டிசம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேஸ்திரியும் நானும் இறங்குகிறோம். அதுவும் உனக்குத் தெரியும். மண்ணை அள்ளி வழி செய்த பட்டறைப் பள்ளத்தில் ஏணியை இறக்கி வைத்துவிட்டு, நாங்கள் வருவதற்குள் நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். கான்கிரீட் தூண் எழுப்புகிறேன். நான் முன்பு விட்ட இடத்திலேயே, எட்டும். இதுவரை நாலு முடிந்திருக்கிறது.

கீழே நின்றால் மேலே உன் மெஷின் ஓடுவது கேட்கிறது. பாறை வழியாகச் சன்னமாக வருகிறது. அது நின்றுபோனால் நானும் வேலையை நிறுத்திவிட்டு, மறுபடி ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். மேஸ்திரி திட்டுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்ததும், வாசல் வழியாக உள்ளே வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா?

தம்பி


பிப்ரவரி 10

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது.

நேற்று நான் தனியாகக் கீழே இறங்கித் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மூன்றாவது தூண் ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது. இடித்துவிட்டு மறுபடி கட்டு.

உள்ளே வருவதைப் பற்றி, எட்டும் முடிந்த பிறகு கேள். அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனாலும் கேள்.

சமையலறைப் பக்கம் இரண்டு மெஷின் புதிதாக வாங்கிப் போடப் போகிறேன். இரும்பு மேஜையோடு வருகிறது, நல்ல கனம். அதற்குத் தகுந்த மாதிரி கட்டு.

அக்கா